தாழ்த்தின வண்டி

பார்த்து உக்காருங்க. நீங்க நெனைக்கறதை விட சீட்டு கீழ இருக்கும், எல்லாரும் தொப்புன்னு விழுவாங்க. பின்னால என்ற சக்கர நாற்காலி கிடக்குது, பையை மடியிலயே வெச்சுக்கோங்க. பல்லடந்தானே? நானும் அங்கதான் போறேன். பஸ்ஸுக்கு நின்னிருந்தீங்கன்னா பொழுது போயிருக்கும்.

கையைப் பார்க்கறீங்களா. இந்தக் கம்பியை என் பக்கம் இழுத்தா வேகம், அக்கட்டால தள்ளுனா பிரேக்கு. காலுக்கு வேலை இல்லைங்க. கைக்குழந்தையா இருக்கறப்பவே போலியோ வந்து ரெண்டும் போச்சு. பயந்துக்காதீங்க, லைசென்ஸு இருக்குது. வண்டி ஏன் இப்படித் தரையோட தரையாப் போகுதுன்னு நீங்க கேக்கலை பாருங்க, அதுக்கே உங்களை எங்க வேணாலும் கொண்டுபோய் விடலாம். பெட்ரோல் போடற பக்கம் பசங்க கேப்பாங்க, "ஏனுங்க்கா, ரேசுக்கா?" ஆமாம்பேன். நாப்பத்தஞ்சு வயசுப் பொம்பளை வண்டியைத் தாழ்த்தி ஓட்டுனா ரேசுக்குத்தான் போகோணுமா. இருந்தாலும் ஆமாம்பேன்.

நான் சொல்றேன், தப்பு யாரு பக்கம்னு நீங்களே சொல்லுங்க.

என்ற பேரு கலாமணி. பனியன் சரக்கு செக்கிங் பண்றது என்ற தொழிலு. ஒரு கம்பெனிக்குள்ளயே உக்காந்து பார்க்கறதில்லைங்க. வெளிய தையலுக்குக் குடுத்த சரக்கு எங்கெங்க கிடக்குதோ அங்க போய்ப் பார்க்கோணும். அவினாசியில ஒண்ணு, பல்லடத்துல ஒண்ணு, காங்கயம் ரோட்டுல ஒண்ணு. நான் பார்த்து சரின்னாத்தான் பெட்டியில ஏறும். முந்தி பக்கத்துச் சக்கரம் வெச்ச ஸ்கூட்டர்ல போயிட்டிருந்தேன். மழைன்னா போச்சு, நனைஞ்சு நடுங்கிட்டுப் போய் அடுத்தவிய தையலைக் குத்தம் சொல்லிட்டு உக்காந்திருப்பேன்.

அப்பத்தான் என்ற அண்ணன் புதுசாப் பெரிய வண்டி வாங்குனாரு. குழந்தைவேலுன்னு பேரு, சொந்தமா கம்பெனி வெச்சிருக்கறாரு. அவரு ஓட்டிட்டிருந்த இந்த வண்டியை எனக்குக் குடுத்தாரு. கிளட்ச் இல்லாத வண்டி, கைக்கு மாத்தறது சுலபம். "டிரைவரோட அனுப்பறேன் அம்மிணி"ன்னாரு. வண்டி போதும்ணான்னு சொன்னேன். அங்கதான் ஆரம்பிச்சதுங்க அவருக்கும் எனக்கும்.

அவரு கெட்டவரு இல்லைங்க. சின்னப்புள்ளையில என்னைத் தோள்ல தூக்கிட்டுப் பள்ளிக்கூடம் போனவரு. அதனாலயோ என்னமோ இன்னும் எறக்கி விட மனசில்லை. அவரு கம்பெனி ஆபீஸுல ஏ.சி. ரூம்ல ஒரு மேசை போட்டு உக்கார வெக்கோணும், அதான் அவரு ஆசை. நான் ஊர் சுத்தறதே அவருக்கு அவமானம்.

வண்டி வந்துச்சு. ஆனா இது உசரமான வண்டிங்க. நாற்காலி கீழ, சீட்டு மேல. ஒவ்வொருக்காவும் கையை ஊணி ஒடம்பை மேல தூக்கி உள்ள போடோணும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி எறங்கறேன். கொஞ்ச மாசத்துல வலது தோள்ல கட்டுனாப்புல ஆயிருச்சு. டாக்டரு சொல்லிப்போட்டாரு, இப்படியே தூக்குனா தோளு கிழிஞ்சு போகும்னு. எனக்குத் தோள்தானுங்க காலு. அதுவும் போச்சுன்னா?

எங்கூட்டுக்காரரு பேரு சென்னியப்பன். பேக்கரி வெச்சிருக்கறாரு, பன்னும் பிரெட்டும் டீக்கடைகளுக்கு ஸ்கூட்டர்ல கொண்டுபோய்ப் போடுவாரு. பேசவே மாட்டாரு. அன்னைக்கு என்னமோ வாயைத் தொறந்து, "நான் தூக்கி உள்ள வெக்கறேன்"ன்னாரு. நான் என்ன மூட்டையான்னு கேட்டேன். அதோட சரி, மறுபடியும் வாயை மூடிக்கிட்டாரு. அப்படிப்பட்ட மனுசன்.

யாரும் ஒரு வழி சொல்லலை. நானேதான் யோசிச்சேன். நான் மேல ஏற முடியலைன்னா வண்டி கீழ எறங்கட்டும். டோமினிக்னு ஒருத்தன் இருக்கறான், காலேஜ் பசங்க வண்டியெல்லாம் ஸ்பிரிங் மாத்தி எறக்கிக் குடுக்கறவன். அவன்கிட்டப் போனேன். அங்க நின்னிருந்த பசங்க ஒருத்தனை ஒருத்தன் பார்த்துச் சிரிச்சாங்க. நான் நாற்காலியைச் சீட்டுப் பக்கத்துல நிறுத்தி, "இந்த மட்டத்துக்கு அந்த மட்டம் வரோணும்"னு கையை வெச்சுக் காட்டுனேன். அதுக்கப்புறம் எவனும் சிரிக்கலை.

எறக்கிக் குடுத்தான். ஒரே மட்டம்ங்க. கையை ஊணி நகர்ந்தாப் போதும், பலகையில பனியன் மடிச்சுத் தள்ளற மாதிரி வழுக்கிட்டு உள்ள போயிருவேன். அன்னைக்குச் சும்மாவே ஏறி எறங்கிப் பார்த்தேன். ஏறறது, எறங்கறது, ஏறறது. எங்கூட்டுக்காரரு ஓரமா நின்னு பார்த்துட்டு உள்ள போயிட்டாரு. நல்லாருக்குதுன்னு ஒரு வார்த்தை, ம்ஹும்.

ஆனா வண்டி சரியில்லைங்க. அதை நான் மறைக்க மாட்டேன். எறக்குன நாள்லருந்து ஸ்டியரிங்கை நேரா வெச்சா வண்டி ஓரமாப் போகும். வண்டி நேராப் போகோணும்னா ஸ்டியரிங்கைச் சாய்ச்சுப் பிடிக்கோணும். பின்னால வந்த ஒரு லாரிக்காரரு சிக்னல்ல நிறுத்திச் சொன்னாரு, "ஏனம்மா, உன்ற வண்டி நண்டாட்டம் போகுது, முன்னுக்கு ஒரு பக்கம், பின்னுக்கு ஒரு பக்கம்"னு. பள்ளத்துல விழுந்தா இடது பக்கம் பின் டயரு எதுலயோ உரசும். டோமினிக்கிட்டக் கேட்டா, "எறக்குன வண்டி அப்படித்தாங்க்கா இருக்கும், பழகிக்கும்"கறான். அலைன்மென்ட் பார்க்கற எடத்துக்குப் போனேன். முன் சக்கரம்தான் திருப்பி வெக்க முடியும், பின்னால இந்த வண்டிக்கு ஒண்ணும் பண்ண வழி கெடையாது, மறுபடியும் உசத்துங்க, இல்லை வித்துருங்கன்னாங்க.

உசத்துனா என்ற தோளு? அதை அவிய கேக்கலை.

அப்படியே ஓட்டிட்டிருந்தேன். ஐப்பசி மழை புடிச்சுக்குச்சு. முன்னால ஒரு வளைவு வரும் பாருங்க, குட்டைத்தோட்டம் வளைவுன்னு. அங்கதான். வேகமான்னா, எல்லாரும் போற வேகம்தான். ஒரு டேங்கர் லாரியை முந்துனேன், அவ்வளவுதான். வளைவுல திருப்புனா முன் பக்கம் நான் சொன்னபடி கேக்குது, பின் பக்கம் வெளிய போகுது. போறதுன்னா, யாரோ பின்னால புடிச்சு இழுத்த மாதிரி. அப்படியே சுத்தி, வந்த பக்கத்தையே பார்த்துட்டு, ரோட்டோரம் கொட்டியிருந்த மண்ணுல போய் நின்னுச்சு. டேங்கர்க்காரரு பிரேக் அடிச்சு எனக்கு ஒரு கை தூரத்துல நின்னாரு. அவரு எறங்கி வந்து என்ற காலைப் பார்த்தாரு. திட்டறதுக்கு வந்தவரு திட்டாம நின்னாரு. அதுதானுங்க எனக்குக் கோவம். மத்தவியளைத் திட்டற மாதிரி என்னையும் திட்டிட்டுப் போயிருக்கலாம்.

யாருக்கும் ஒண்ணுமில்லை. ஆனா சேதி எனக்கு முன்னால வூட்டுக்குப் போயிருச்சு.

அண்ணன் வந்தாரு, அண்ணி வந்தாங்க. நடு வூட்டுல பேச்சு. நான் இருக்கறப்பவே என்னைப் பத்தி அவிய பேசிக்கறாங்க. இனி டிரைவர் போடறது, இல்லைன்னா ஆபீஸுல மேசை போடறது, ரெண்டுல ஒண்ணு. நான் சொன்னேன், "ஓட்டுனது தப்பில்லைணா, வண்டி பின்னால எங்கியோ கோணையா இருக்குது"ன்னு. அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை, எங்கூட்டுக்காரரைப் பார்த்தாரு. "என்னங்க மாப்பிள்ளை, நீங்க சொல்லுங்க"ன்னாரு.

அவ ஓட்டட்டும், ஓட்ட வேண்டாம், ஏதாவது ஒண்ணு சொல்லலாமல்லங்க. அந்த மனுசன் மேல ஓடற ஃபேனையே பார்த்துட்டு உக்காந்திருந்தாரு. அண்ணன் மேசை மேல இருந்த சாவியை எடுத்துச் சட்டைப் பையில போட்டுக்கிட்டுக் கெளம்பிட்டாரு. இவரு ஒரு வார்த்தை பேசலை. அவரு எங்க அண்ணன் பக்கம்னு அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

மறுநாள் காத்தால அவரு பன்னு போடப் போயிட்டாரு. காப்பி எடுக்கப் போனா, காப்பிச் சட்டி பக்கத்துல இன்னொரு சாவி கிடக்குது. இந்த வண்டிக்கு ரெண்டு சாவி, ரெண்டாவது எங்க இருக்குதுன்னே எனக்கு மறந்து போச்சு. அவரு எதையோ தேடறப்ப எடுத்து அங்கயே மறந்து வெச்சுட்டுப் போயிருக்கறாரு. அவரு மறதிக்கு அளவே இல்லைங்க. நல்லதாப் போச்சுன்னு எடுத்துக்கிட்டேன்.

ஆனா ஓட்டலை. முதல்ல கோணை எங்கன்னு கண்டுபிடிக்கோணும், அதுக்கப்புறம் ஓட்டிக் காட்டோணும்னு இருந்தேன்.

வாசல்ல சிமெண்டுத் தரை எங்களுக்கு நல்ல மட்டமா இருக்கும். வண்டிக்குப் பின்னால நாற்காலியைப் போட்டு உக்காந்தேன். நின்னு பார்க்கறவியளுக்குச் சக்கரம் கால்கிட்ட எங்கியோ இருக்கும். எனக்கு நேருக்கு நேரா இருக்குது. பார்த்துட்டே இருந்தேன். டீசர்ட்டுல சைடு தையல்னு ஒண்ணு வரும் பாருங்க, கை இடுக்குலருந்து நேரா கீழ எறங்கோணும். துணி முறுக்கு இருந்துச்சுன்னா ஒரு தடவை தொவைச்சதும் தையல் சுத்திட்டு வயித்துப் பக்கம் வந்துரும். தைச்சவன் மேல தப்பில்லை, துணி உள்ளுக்குள்ள கோணை. அதைப் பார்த்துப் பார்த்து என்ற கண்ணு அதுக்குன்னே பழகிப்போச்சு. ஒரு நூல் எறங்கியிருந்தாலும் தெரியும். இடது டயரு பாடிக்கு வெளிய எட்டிப் பார்க்குது, வலது டயரு உள்ள போய் ஒளிஞ்சிருக்குது. ரெண்டு சக்கரத்தையும் சேர்க்கற ஆக்சிலே ஒட்டுக்கா இடது பக்கம் நகர்ந்து கிடக்குது.

ஒரு நூல்ல கல்லைக் கட்டிச் சக்கரத்துக்கு மேல பாடியிலருந்து தொங்கவிட்டுப் பார்த்தேன். நூலை எங்கூட்டுக்காரருதான் புடிச்சாரு, சும்மா நின்னுட்டிருந்தாரேன்னு குடுத்தேன். இடது பக்கம் நூலு டயர்ல இடிக்குது. வலது பக்கம் நூலுக்கும் டயருக்கும் நடுவுல ரெண்டு வெரலு போகுது.

ஏன் நகருதுன்னு போன்ல தேடுனேன். வெளிநாட்டுல இதுக்குன்னே வீடியோ போட்டு வெச்சிருக்கறாங்க, பாஷை புரியலைன்னாலும் கை புரியும். இந்த வண்டிக்குப் பின்னால ஒரே தண்டா ஆக்சில். அது பக்கவாட்டுல ஓடாம இருக்கறதுக்கு ஒரு குறுக்குக் கம்பி. கம்பிக்கு ஒரு முனை பாடியில மேல, இன்னொரு முனை ஆக்சில்ல கீழ. சாய்வா நிக்கும். சொவத்துல ஏணி சாத்தி வெச்சிருக்கறோம்னு வெச்சுக்கங்க. மேல் நுனியைக் கீழ எறக்குனா, அடி என்னாகும்? வெளிய நகரும். அதேதான். வண்டியை எறக்குனதும் கம்பி படுத்துருச்சு, படுத்த கம்பி ஆக்சிலை அக்கட்டால தள்ளிருச்சு. கம்பியோட நீளத்தைக் கொறைக்கோணும். அவ்வளவுதாங்க விசயம். இதுக்கு வித்துருங்கறாங்க.

டோமினிக்கிட்டப் போய்ச் சொன்னேன். ஆட்டோவுலதான் போனேன், அவரு கூட்டிட்டுப் போனாரு. டோமினிக் முதல்ல ஒத்துக்கலை. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க்கா"ன்னான். நான் அவன் கடையில நின்னிருந்த இன்னொரு வண்டிக்குப் பின்னால போய், இதுவும் இடது பக்கம் போயிருக்குது பாருன்னு காட்டுனேன். அந்த வண்டிக்காரப் பையன் அங்கயே நின்னுட்டிருந்தான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து டோமினிக் பேசாம லேத்துக்குப் போய்க் கம்பி செஞ்சுட்டு வந்தான். ரெண்டு முனையிலயும் மரை போட்ட கம்பி, நடுவுல திருப்புனா நீளம் கூடும், கொறையும். அவனே வந்து வண்டியைக் கடைக்கு எடுத்துட்டுப் போய் மாட்டிக் குடுத்துட்டு, அளவு நான் வெச்சுட்டேன்னு சொன்னான். அவன் அளவு எனக்கெதுக்குங்க. அவன் வண்டியைத் தூக்கி வெச்சு, சக்கரம் தொங்கறப்ப அளந்திருக்கறான். நான் என்ன தொங்கிட்டா ஓட்டப்போறேன்?

வூட்டு வாசல்ல, தரையில நிக்கறப்ப, நான் உக்காந்திருக்கற கனத்தோட அளக்கோணும். ஆனா நான் உள்ள உக்காந்தா அளவை யாரு பார்க்கறது? அவரு பேக்கரியிலருந்து மைதா மூட்டை கொண்டாந்தாரு. என்ற சீட்டுல வெக்க. ஒரு மூட்டை போதும்னேன். அவரு உள்ள போய் இன்னொரு அரை மூட்டை எடுத்துட்டு வந்து அது மேல வெச்சாரு. நான் பார்த்தேன். அவரு என்னைப் பார்க்கலை.

அப்புறம் வேலை நடந்துச்சுங்க. தனி ஒருத்தியா நான் பண்ணுன வேலை அது. அவரு சும்மா கீழ படுத்துட்டு இருந்தாரு. நான் சொல்றப்ப கம்பியைத் திருப்போணும், அவ்வளவுதான். "கால் சுத்து, இன்னும் கொஞ்சம், போதும், வெளிய வந்து வண்டியை முன்னும் பின்னும் தள்ளுங்க, மறுபடியும் கீழ போங்க." தள்ளுனாத்தானுங்க சக்கரம் தன் எடத்துல வந்து உக்காரும். நூலைப் பார்ப்பேன், மறுபடியும் திருப்பச் சொல்லுவேன். கடைசியா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி நின்னுச்சு.

ஆனாலும் ஸ்டியரிங் நேராகலை. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல டேப்பு புடிச்சா இடது பக்கம் கொஞ்சம் கம்மி. அதாவது ஆக்சிலு பக்கவாட்டுல நடுவுக்கு வந்துருச்சு, ஆனா இன்னும் சாய்ஞ்சு நிக்குது. அதுக்கு நீளவாட்டுல கை மாதிரி ரெண்டு இரும்பு இருக்குது, பாடியையும் ஆக்சிலையும் புடிச்சுட்டு. அது முனையில போல்ட்டைச் சுத்தி ஆட்டம் தாங்கற ரப்பர் வளையம், புஷ்ஷும்பாங்க. வீடியோவுல பார்த்தது ஞாபகம் வந்துச்சு. டோமினிக் ஸ்பிரிங் மாத்துனப்ப வண்டி தொங்கறப்பவே அந்தப் போல்ட்டை எறுக்கியிருக்கறான். கீழ எறக்குனதும் ரப்பரு முறுக்கிட்டுக் கிழிஞ்சுபோச்சு. அவரு கீழ டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, "ஆமா, இடது பக்கம் பிஞ்சிருக்குது கலா"ன்னாரு. புது புஷ்ஷுக்குக் கோயமுத்தூர் வரைக்கும் போகோணும்னு சொன்னேன். அன்னைக்குச் சாயங்காலம் புஷ்ஷு வந்துருச்சு. அவருக்குக் கோயமுத்தூர்ல ஈஸ்ட் வாங்கற வேலை இருந்திருக்கும்.

டோமினிக் வாசலுக்கே வந்து மாட்டுனான். இந்தத் தடவை மூட்டையோட, தரையில நிறுத்தி, அதுக்கப்புறம் போல்ட்டை எறுக்கச் சொன்னேன். அப்படியே செஞ்சான். போறப்ப, "அக்கா, இனி எறக்கற வண்டிக்கெல்லாம் இதைப் பண்ணிருவேன்"ன்னான். பண்ணு, ஆனா அந்தப் பையனுக்கு முதல்ல பண்ணுன்னேன்.

ஸ்டியரிங்கை நேரா வெச்சேன். வண்டி நேராப் போச்சு. கையை எடுத்தேன். நேராவே போச்சு. என்னன்னு சொல்றது உங்களுக்கு. நான் நடந்ததில்லை. ஆனா நேரா நடக்கறதுன்னா இப்படித்தான் இருக்கும்னு நெனைச்சேன்.

இருந்தாலும் மழையில, அந்த வளைவுல போய்ப் பார்க்காம எதையும் சொல்ல முடியாதல்லங்க. கார்த்திகையில ஒரு நாள் மத்தியானம் வானம் இருட்டிட்டு வந்துச்சு. பல்லடத்துல சரக்கு பார்க்கோணும். நான் கெளம்பிட்டேன். அவரு, "நானும் வர்றேன்"னாரு. வேண்டாம்னேன். "உங்களை ஏத்திட்டுப் போனா, நீங்க இருந்ததாலதான் நல்லபடியாப் போச்சும்பாங்க. நான் தனியாப் போகோணும்"னேன். அவரு சரின்னுட்டாரு. எப்பவும் போலத்தான்.

டவுனைத் தாண்டுனதும் நல்ல மழை. கண்ணாடியில பார்க்கறேன், பின்னால மஞ்ச ரெயின்கோட்டு ஒண்ணு வருது. பன்னுப் பெட்டி கட்டுன ஸ்கூட்டரு. இவருதான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். நம்பிக்கை இல்லைங்க, இத்தனை பண்ணுனதுக்கு அப்புறமும் நம்பிக்கை இல்லை. வேகத்தைக் கூட்டுனேன். அவரும் கூட்டறாரு. லாரிகளுக்கு நடுவுல நொழைஞ்சு நொழைஞ்சு, எனக்குப் பின்னால இன்னொரு வண்டி ஒட்டிடாதபடிக்கு வந்துட்டே இருக்கறாரு. எதுக்கு அப்படி வரோணும்? எனக்கு எடைஞ்சல்தான்.

குட்டைத்தோட்டம் வளைவு வந்துச்சு. அதே எடம். அந்த மண்ணு இன்னும் அங்கதான் கிடந்துச்சு. திருப்புனேன். பின் பக்கம் அப்படியே கூட வந்துச்சுங்க. நான் எங்க போறனோ அங்க. ஒரு நூல் வெலகலை. நான் வாய்விட்டே சொல்லிட்டேன், பார்த்தியாணா, பார்த்தியாணான்னு. அண்ணன் அங்க எங்கயிருக்கறாரு.

எங்கூட்டுக்காரராவது பார்த்திருப்பாரல்லன்னு கண்ணாடியைப் பார்த்தா, மஞ்ச ரெயின்கோட்டைக் காணோம்.

வண்டியைத் திருப்பிட்டு வந்தேன். வளைவுல ஸ்கூட்டரு ஒரு பக்கம் கிடக்குது, பன்னெல்லாம் ரோட்டுல நனைஞ்சு ஊறிட்டுக் கிடக்குது, அவரு ஓரமா உக்காந்திருக்கறாரு. வலது காலு கணுக்கால்கிட்டத் திரும்பி நிக்குது. மூணு நாலு பேரு கூடி நின்னு, தூக்கலாமா கூடாதான்னு பேசிட்டிருக்கறாங்க. ஒருத்தரு ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணிட்டு, வர்றதுக்கு நேரமாகுமாம்கறாரு. ஒருத்தரு காலைத் தொட்டதும் இவரு கத்துனாரு. கல்யாணம் ஆனதுலருந்து அந்த மனுசன் கத்தி நான் கேட்டதில்லைங்க.

யாரும் தொடாதீங்கன்னேன். கதவைத் தொறந்து, இப்ப நீங்க உக்காந்திருக்கீங்களே, அந்தச் சீட்டை அவருக்கு நேரா கொண்டுவந்து நிறுத்துனேன். ரோட்டோரம் மேடு, அவரு உக்காந்திருந்த மட்டத்துக்கு சீட்டு கொஞ்சம்தான் மேல. நான் உள்ளிருந்து சொன்னேன், "காலை மறந்துருங்க. அது இல்லைன்னு நெனைச்சுக்கங்க. ரெண்டு கையையும் பின்னால ஊணுங்க. தலையை முன்னால குனிங்க, அப்பத்தான் இடுப்பு மேல வரும். வழுக்கி உள்ள வாங்க." அவரு என்னைப் பார்த்தாரு. நான் தெனமும் பண்றதை இத்தனை வருசம் பார்த்தவருதானே. ஊணுனாரு, குனிஞ்சாரு, ஒரே நகர்த்தல், உள்ள வந்துட்டாரு. காலை மட்டும் ஒருத்தரு பதனமாப் புடிச்சு உள்ள வெச்சாரு.

வழி பூரா நான் திட்டிட்டே வந்தேன். "எதுக்குப் பின்னால வந்தீங்க? யாரைக் காப்பாத்த வந்தீங்க? இப்ப யாரு விழுந்தது, சொல்லுங்க, யாரு வண்டி விழுந்தது?" அவரு வலியில பல்லைக் கடிச்சுட்டு வந்தாரு. அதுக்கு நடுவுல, "நேராப் போச்சு கலா. பின்னாலருந்து பார்த்தேன். ரெண்டு டயரும் முன் டயரு போன தடத்துலயே போச்சு. அதைப் பார்த்துட்டே வந்ததுலதான் மண்ணைப் பார்க்கலை"ன்னாரு.

 ரோட்டைப் பார்த்து ஓட்டியிருக்கோணும்னேன்.

ஆசுபத்திரியில கணுக்காலுக்குப் பிளேட் வெச்சாங்க. அங்க பேசுனாரு பாருங்க அந்தப் பேசாத மனுசன். மயக்க ஊசி போட வந்த டாக்டரு, நர்சு, பக்கத்துக் கட்டில்காரரு, தரை தொடைக்கற அம்மா, எல்லார்கிட்டயும் சொல்றாரு, "என்ற சம்சாரம்தான் ஓட்டிட்டு வந்தா. மழையில. வண்டியே அவ சரி பண்ணுனது." எனக்குக் கூசுது. இதை அன்னைக்கு நடு வூட்டுல சொல்லியிருந்தா நானும் பெருமைப்பட்டிருப்பேன். தரை தொடைக்கற அம்மாகிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது.

டிஸ்சார்ஜ் அன்னைக்கு அண்ணன் வந்தாரு. ஆப்பிளும் ஆர்லிக்ஸுமா. "பெரிய வண்டி வெளிய நிக்குதுங்க மாப்பிள்ளை, டிரைவர் இருக்கறான், காலை நீட்டி உக்காந்துட்டு வசதியாப் போலாம்"னாரு. எப்பவும் போல அவரைத்தான் பார்த்துப் பேசுனாரு.

இவரு கட்டில்லருந்து சொன்னாரு, "வேண்டாங்க மச்சான். உங்க வண்டி உசரம், எனக்கு ஏற முடியாது. கலாமணி ஓட்டுவா." அதோட நிக்காம, "அந்தச் சாவியையும் குடுத்துருங்க. ரெண்டும் எங்க வூட்டுலயே இருக்கட்டும்"னாரு.

அண்ணன் என்னைப் பார்த்தாரு. நான் சன்னலைப் பார்த்துட்டிருந்தேன். சாவியை எடுத்து ஆப்பிள் பைக்குள்ள போட்டுட்டு, "பார்த்து ஓட்டு அம்மிணி"ன்னாரு. என்னைப் பார்த்துச் சொன்னாரு. அது போதும்னு நீங்க சொல்லுவீங்க. எனக்குப் போதாது. இன்னும் ஒரு நாளு அவரு இந்தச் சீட்டுல உக்காந்து அந்த வளைவுல வரோணும், நான் விடப்போறதில்லை.

இவரையும் நான் விடலைங்க. காலு ஒடைஞ்சாத்தான் வாயி வருமான்னு இன்னும் கேட்டுட்டுத்தான் இருக்கறேன். இத்தனையும் நான் ஒத்தையா நின்னு போராடுனது.

ஆனா வூட்டுக்குக் கூட்டிட்டுப் போன அன்னைக்கு ஒண்ணு நடந்துச்சு. வண்டி ஓட்டிப் பழகுனவன் இன்னொருத்தர் ஓட்டறப்பப் பக்கத்துல உக்காந்தா அவனுக்கு நிம்மதி இருக்காதல்லங்க. ஒவ்வொரு வேகத்தடைக்கும் இவரு மாவுக்கட்டுக் காலால தரையை மிதிக்கறாரு. அங்க பிரேக் எங்கயிருக்குது? லாரி வந்தா மிதி, மாடு நின்னா மிதி, வலியில ஆன்னு ஒரு சத்தம், மறுபடியும் மிதி. எனக்குப் பொறுக்கலை. "பயமா இருந்தா எறங்கி நடந்து வாங்க"ன்னேன்.

அவரு அவரோட காலைப் பார்த்தாரு. அப்புறம் என்ற காலைப் பார்த்தாரு. "நீ முன்னால நட, நான் பின்னால வர்றேன்"னாரு.

சிரிச்சோம்னா சிரிப்புங்க, அப்படி ஒரு சிரிப்பு. வண்டியை ஓரங்கட்டி, பிரேக்குக் கம்பியைத் தள்ளிப் புடிச்சுட்டு, ரெண்டு பேரும் கண்ணுல தண்ணி வர வர அங்கயே கிடந்தோம். பின்னால வந்தவியெல்லாம் ஆரன் அடிச்சாங்க. அடிக்கட்டும்னு விட்டுட்டேன்.